நீர்நிலைகளில் பரவல் மாசு: மதிப்பீடும் திட்டப் பணியும்

(மாவட்டத் திட்ட அலுவலர்களுக்கும் நீர்வளப் பணியாளர்களுக்கும் நடைபெற்ற பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரை)

நீர் மாசு என்றவுடன் பெரும்பாலோர் மனக்கண் முன் வந்து நிற்பது ஒரு குழாய். தோல் பதனிடும் ஆலையிலிருந்தோ, சாராய வடிப்பாலையிலிருந்தோ, நகராட்சிச் சாக்கடையிலிருந்தோ கறுத்த நீர் ஆற்றில் வந்து விழும் காட்சி அது. 1974ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் இக்காட்சியை மனத்தில் கொண்டே அமைந்தது. கழிவு வெளியேறும் இடம் ஒன்று உண்டு; அதற்குப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு; அவர் வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும்; மீறினால் நடவடிக்கை உண்டு. சட்டத்தின் அடித்தளம் இதுவே.

ஆனால் குழாய் இல்லாத மாசு ஒன்றும் உண்டு. உழுத வயலிலிருந்து மழைநீரோடு கரைந்து ஓடும் உரம், மேய்ச்சலால் மொட்டையான குன்றிலிருந்து வரும் மண், தெளித்த மருந்தின் எச்சம், தெருவிலும் தொழுவத்திலும் குவிந்த சாணம், வீட்டுக் கழிப்பறைக் குழியிலிருந்து நிலத்தினுள் இறங்கும் கசிவு ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. முன்னதை ஓரிட மாசு என்றும் பின்னதைப் பரவல் மாசு என்றும் கூறலாம். பரவல் மாசுக்கு வாய் இல்லை; தனியொரு பொறுப்பாளரும் இல்லை. பல லட்சம் நிலங்களிலிருந்து சிறிது சிறிதாகக் கிளம்பி, ஓரிடத்தில் சேர்ந்த பின்னரே அது கண்ணுக்குப் புலனாகிறது. ஆகவே அதைத் தடுப்பதற்கு முன்னர் அதை மதிப்பிட வேண்டும். எங்கிருந்து, எப்போது, எவ்வளவு வருகிறது என்பது தெரியாமல் தீட்டப்படும் எந்தத் திட்டமும் இருளில் எறியும் கல்லாகவே முடியும்.

இத்துறை பின்தங்கியதற்குக் காரணம் உண்டு. 1986இல் தொடங்கிய கங்கைச் செயல் திட்டம் 25 பெரு நகரங்களின் சாக்கடை நீரை மறித்துத் திருப்பிச் சுத்திகரிப்பதை முதற்பணியாக ஏற்றது. அன்றைய நிலையில் அது பொருத்தமான முடிவே. பெரிய சாக்கடைகள் திறந்து கிடக்கும்போது வயல்களின் கசிவைத் தேடிச் செல்வதில் பொருளில்லை. எனினும் சாக்கடைகள் ஒவ்வொன்றாக அடைபடும்போது எஞ்சி நிற்கும் மாசில் நிலத்தின் பங்கு உயர்ந்துகொண்டே போகும். அப்போது பழைய அளவுகோலை வைத்துக்கொண்டு புதிய கேள்விக்கு விடை காண இயலாது.

அளவைகள் காட்டாதது ஏன்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாநில வாரியங்களும் நாடெங்கும் 4,000க்கும் மேற்பட்ட இடங்களில் நீரின் தரத்தைக் கண்காணிக்கின்றன. ஆறுகளிலும் ஏரிகளிலும் பொதுவாக மாதம் ஒரு முறை அல்லது காலாண்டுக்கு ஒரு முறையும், நிலத்தடி நீரில் அரையாண்டுக்கு ஒரு முறையும் மாதிரி எடுக்கப்படுகிறது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக ஓடும் சாக்கடையை அறிய இம்முறை போதும். பரவல் மாசோ மழையின் குழந்தை. நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி சில நாட்களுக்குள் கொட்டித் தீர்க்கிறது. கோடை முழுவதும் நிலத்தின் மேல் சேர்ந்த அழுக்கை முதல் இரண்டு மூன்று பெருமழைகளே வழித்துக்கொண்டு போகின்றன. மாதம் ஒரு நாள் ஆற்றங்கரைக்குச் செல்பவர் அந்த நாட்களில் அங்கே இருப்பது அரிது. இருந்தாலும், வெள்ளம் வடியட்டும் என்று காத்திருந்து மாதிரி எடுப்பதே வழக்கம்.

இரண்டாவது குறை, எதை அளக்கிறோம் என்பதில் உள்ளது. மாசுற்ற ஆற்றுப் பகுதிகளை இனங்காண வாரியம் கொண்டிருக்கும் அளவுகோல் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை ஆகும். அது ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டும் பகுதிகள் பட்டியலில் இடம்பெறுகின்றன. 2018இல் இத்தகைய பகுதிகள் 351 எனக் கணக்கிடப்பட்டன. 2022இல் அவை 311ஆகக் குறைந்தன. மகிழத்தக்க முன்னேற்றமே. ஆனால் இந்த அளவுகோல் மலக்கழிவையும் அழுகும் பொருள்களையும் காட்டுமே அன்றி, நைட்ரேட்டையோ வண்டலையோ பூச்சிமருந்து எச்சத்தையோ காட்டாது. ஓர் ஆறு இப்பட்டியலிலிருந்து நீங்கியதாலேயே அது நிலத்தின் மாசிலிருந்தும் நீங்கிவிட்டது என்று கொள்வதற்கில்லை.

மூன்றாவது குறை, செறிவையும் சுமையையும் ஒன்றெனக் கருதுவது. விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் பார்க்கலாம். கோடையில் ஓர் ஆற்றில் வினாடிக்கு 10 கன மீட்டர் நீர் ஓடுகிறது. அதில் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் அதே ஆற்றில் 500 கன மீட்டர் ஓடுகிறது. செறிவு 1 மில்லிகிராமாகக் குறைந்துவிட்டது. ஆய்வுக்கூட அறிக்கையை மட்டும் படிப்பவர் நீரின் தரம் இரு மடங்கு உயர்ந்தது என்றே எழுதுவார். ஆனால் கோடையில் நாளொன்றுக்கு 1.7 டன் தழைச்சத்தைச் சுமந்த ஆறு, மழைக்காலத்தில் நாளொன்றுக்கு 43 டன்னைச் சுமந்து செல்கிறது. அது போய்ச் சேரும் ஏரியோ நீர்த்தேக்கமோ கழிமுகமோ அறிவது செறிவை அன்று, இந்தச் சுமையையே. எனவே நீரின் ஓட்டத்தை அளக்காமல் எடுக்கப்படும் மாதிரி, பரவல் மாசைப் பொறுத்தவரை, பாதிக் கணக்கே ஆகும்.

மண்ணே முதல் மாசு

பரவல் மாசுகளில் எடையால் முதலிடம் பெறுவது மண். 1983இல் துருவ நாராயணா, ராம்பாபு ஆகிய இரு அறிஞர்கள் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் ஆண்டுதோறும் 533 கோடி டன் மண் அரிக்கப்படுகிறது. எக்டேருக்குச் சராசரியாக 16 டன்னுக்கும் மேல். இதில் 29 விழுக்காடு கடலில் கலக்கிறது. 10 விழுக்காடு நீர்த்தேக்கங்களில் படிகிறது. எஞ்சியது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்கிறது. இந்த மண் வெறும் மண்ணாகப் போவதில்லை. மணிச்சத்தும் பல வகைப் பூச்சிமருந்துகளும் மண் துகள்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. ஆகவே வண்டலின் வழியை அறிந்தவர் அவற்றின் வழியையும் பாதி அறிந்தவராவார்.

வண்டலால் நேரும் இழப்பு கண்கூடானது. மஞ்சீரா ஆற்றின் குறுக்கே 1931இல் கட்டி முடிக்கப்பட்ட நிஜாம்சாகர் நீர்த்தேக்கம், 1970களுக்குள் தன் கொள்ளளவில் பாதிக்கும் மேல் இழந்தது. இத்தகைய அனுபவங்களின் பயனாகவே, ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மண் பாதுகாப்புப் பணி மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கப்பட்டது. பல லட்சம் எக்டேர் பரப்பில் எங்கே முதலில் பணி செய்வது என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதற்கு விடையாக அகில இந்திய மண் மற்றும் நிலப்பயன் ஆய்வு அமைப்பு வண்டல் விளைவுக் குறியீடு என்னும் முறையை உருவாக்கியது. சரிவு, மண்ணின் தன்மை, நிலத்தின் பயன், செடிகொடிப் போர்வை ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு சிறு நீர்ப்பிடிப்புக்கும் மதிப்பெண் தந்து, மிக உயர்ந்த முன்னுரிமை முதல் மிகத் தாழ்ந்த முன்னுரிமை வரை வகைப்படுத்துவது இம்முறை. ஒவ்வொரு ஓடையிலும் கருவி வைக்க வசதியில்லாத நாட்டுக்கு ஏற்ற முறை இது. எல்லா நிலமும் ஒரே அளவில் மாசு தருவதில்லை, சிறு பரப்பே பெரும் பங்கைத் தருகிறது என்னும் உண்மையை நிர்வாகத்துக்கு உணர்த்தியதே இதன் சிறப்பு.

சுக்னா ஏரியும் சுகோமாஜ்ரி கிராமமும்

மதிப்பீடு எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிய வேண்டும் என்பதற்குச் சண்டிகார் நகரின் சுக்னா ஏரி நல்ல சான்று. 1958இல் சிவாலிக் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு மழைக்கால ஓடையை மறித்து இந்த ஏரி அமைக்கப்பட்டது. புதிய தலைநகரின் அணிகலனாகக் கருதப்பட்ட அது விரைவில் வண்டலால் தூர்ந்து, முப்பது ஆண்டுகளில் கொள்ளளவில் பாதிக்கும் மேல் இழந்தது. வாரிய வண்டலை மீண்டும் மீண்டும் வாரி எறிவதே முதலில் கையாளப்பட்ட பரிகாரம்.

1970களில் மத்திய மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தின் சண்டிகார் மையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ராவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஏரியை விட்டு ஓடையின் வழியே மேலேறிச் சென்றனர். ஏறத்தாழ 42 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில், மரமும் புல்லும் அற்ற செங்குத்தான சரிவுகளே வண்டலின் பிறப்பிடம் என்று தெரிந்தது. அச்சரிவுகளில் ஆடுமாடு மேய்த்தவர்கள் சுகோமாஜ்ரி முதலான சிறு கிராமங்களின் மக்கள். மழையை நம்பிய ஒரு போகச் சாகுபடியும் அடிக்கடி பொய்த்துப்போக, மேய்ச்சலைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. நகரத்து ஏரியை நாட்டுப்புறத்து வறுமை தூர்த்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் மதிப்பீடு இரு திசைகளில் ஒன்றில் சென்றிருக்கக்கூடும். குற்றவாளி யார் எனக் கண்டாயிற்று என்று எண்ணி, குன்றைச் சுற்றி வேலியிட்டு மேய்ச்சலைத் தடை செய்வது ஒரு திசை. பள்ளங்கள் தோண்டியும் மரக்கன்றுகள் நட்டும் தொடங்கிய பாதுகாப்புப் பணிகள், மக்களின் ஒத்துழைப்பு இல்லாமல் நிலைக்க மாட்டா என்பது விரைவிலேயே விளங்கியது. 1976இல் கிராமத்தருகே ஒரு சிறு மண் அணை கட்டப்பட்டது. அதன் நீர் பயிரைக் காத்தபோது, குன்றைக் காப்பதால் தமக்கும் பயனுண்டு என்று மக்கள் கண்டனர். ஆனால் நிலம் உள்ளவர்க்கே நீர் என்றால் நிலமில்லாதவர் ஏன் ஆட்டை விட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அணை நீரில் சம பங்கு என்று முடிவானது. அதன் பின்னர் குன்றில் மேய்ச்சலைத் தவிர்க்க மக்களே தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். முள்வேலியால் ஆகாதது இந்தச் சமூக வேலியால் ஆயிற்று. குன்றில் புல் வளர்ந்தது. ஆடுகளின் இடத்தில் எருமைகள் வந்தன. அச்சரிவிலிருந்து ஏரிக்குப் போகும் வண்டல் பெரிதும் குறைந்தது.

சுக்னாவின் பிற்கால வரலாறு மற்றுமொரு பாடத்தையும் தருகிறது. நீர்ப்பிடிப்பில் ஏராளமான தடுப்பணைகள் எழுந்த பின், மழை குறைந்த ஆண்டுகளில் ஏரிக்கு வரும் நீரே குறைந்தது. வண்டலை நிறுத்திய அணைகள் நீரையும் நிறுத்திவிட்டன என்ற கருத்து வலுத்தது. ஆகவே மதிப்பீடு ஒரு முறை செய்து கட்டி வைக்கும் கோப்பு அன்று. பணி முடிந்த பின்னரும் நீரின் அளவையும் மாசின் அளவையும் சேர்த்தே தொடர்ந்து அளக்க வேண்டும்.

கிணற்றில் சேரும் நைட்ரேட்

வண்டலைக் கண்ணால் காணலாம். கண்ணுக்குத் தெரியாமல், நிறமும் மணமும் சுவையும் மாறாமல் நீரில் கலப்பது நைட்ரேட். 1950-51ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பயன்படுத்திய இரசாயன உரச் சத்துக்களின் அளவு 70 ஆயிரம் டன்னுக்கும் குறைவு. 1980-81இல் அது 55 லட்சம் டன்னாக உயர்ந்தது. அண்மை ஆண்டுகளில் 3 கோடி டன்னை ஒட்டி நிற்கிறது. இதில் பெரும்பங்கு தழைச்சத்து. பஞ்சத்தின் அச்சத்திலிருந்து நாட்டை மீட்டதில் இந்த உரத்துக்குள்ள இடத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பாதிக்கும் குறைவான பங்கையே பயிர் ஏற்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி நீரோடு கீழிறங்குகிறது.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டே மேல் எல்லை. வேறு நீர் கிடைக்காத நிலையிலும் இதற்குத் தளர்வு இல்லை. காரணம், நைட்ரேட் மிகுந்த நீரில் கரைத்த பாலை உண்ணும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். உடல் நீலம் பாரிக்கும் இந்நோய்க்கும் கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பு 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கண்டறியப்பட்டது. காய்ச்சினால் எந்த நீரும் தூய்மையாகும் என்பது தாய்மார்களின் நம்பிக்கை. நைட்ரேட்டைப் பொறுத்தவரை அது பயன் தராது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கிராமச் சுகாதாரப் பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024இல் வெளியிட்ட ஆண்டு அறிக்கையின்படி, சோதித்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த எல்லையைத் தாண்டியிருந்தது. இத்தகைய மாதிரிகள் கிடைத்த மாவட்டங்களின் எண்ணிக்கை 440. குழாய் நீர்த் திட்டங்கள் பரவி வந்தாலும், அவற்றுள் பலவற்றின் ஊற்றுக்கண்ணும் நிலத்தடி நீரே என்பதை மறக்கலாகாது.

மூலத்தைப் பிரித்தறிதல்

நைட்ரேட் மிகுந்த கிணற்றைக் கண்டவுடன் உரத்தைக் குற்றஞ்சாட்டுவது எளிது. எப்போதும் சரியாக இராது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள மாடுகளும் எருமைகளும் மட்டும் 30 கோடிக்கு மேல். அவற்றின் சாணமும் சிறுநீரும் குவியும் தொழுவம் பல ஊர்களில் கிணற்றுக்கு அருகிலேயே அமைந்துள்ளது. 2014க்குப் பின் கட்டப்பட்ட கோடிக்கணக்கான வீட்டுக் கழிப்பறைகளில் பெரும்பாலானவை குழியையோ தொட்டியையோ சார்ந்தவை. திறந்தவெளியை விட அவை மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இடத்தில், கிணற்றை ஒட்டித் தோண்டிய குழி மாசை வெளியிலிருந்து உள்ளே மாற்றுகிறதே அன்றி அகற்றுவதில்லை.

இவற்றைப் பிரித்தறிய வழிகள் உண்டு. நைட்ரேட்டுடன் குளோரைடும் மலக் கிருமிகளும் சேர்ந்து உயர்ந்திருந்தால் கழிப்பறையையோ தொழுவத்தையோ முதலில் ஐயுற வேண்டும். ஊரின் நடுவில் உள்ள கிணறு கெட்டு, வயல் நடுவில் உள்ள கிணறு நன்றாக இருந்தாலும் அதே முடிவுதான். நேர்மாறாக, வயல் கிணறுகள் பரவலாகக் கெட்டு, பருவத்துக்குப் பருவம் உரமிடும் காலத்தை ஒட்டி மாறினால் சாகுபடியைக் கவனிக்க வேண்டும். ஐயம் தீராத இடங்களில் தழைச்சத்து அணுக்களின் ஐசோடோப்பு விகிதத்தைக் கொண்டு உரத்தையும் கழிவையும் வேறுபடுத்தலாம். செலவு மிகுந்த அச்சோதனை எல்லா இடங்களுக்கும் தேவைப்படாது. புளூரைடு, ஆர்சனிக் போன்றவை பெரும்பாலும் பாறையிலிருந்தும் படிவிலிருந்தும் இயற்கையாக வருபவை. நிலப்பயனின் கணக்கில் அவற்றை எழுதிவிடக் கூடாது.

காலத்தின் இடைவெளியும் கருத்தில் கொள்ளத்தக்கது. வேர்ப்பகுதியைத் தாண்டிய நைட்ரேட் ஆழ்ந்த நீர்மட்டத்தை அடையப் பல ஆண்டுகளும், சில இடங்களில் பல பத்தாண்டுகளும் ஆகும். இன்றைய கிணறு காட்டுவது முன்னொரு காலத்துச் சாகுபடியை. இன்று உரத்தைக் குறைத்த ஊரில் நாளையே நீர் திருந்தவில்லை என்பதற்காகத் திட்டத்தைக் கைவிடுவது தவறு. அவ்வாறே, இன்று நீர் நன்றாக இருக்கிறது என்பதற்காக மிகை உரத்தைப் பொருட்படுத்தாமல் விடுவதும் தவறு.

தடயம் அழியும் முன்

பூச்சிமருந்துகளில் காலத்தின் நெருக்கடி இன்னும் கடுமையானது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதி தொடங்கி 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. குன்றுகளும் சிற்றோடைகளும், மலையைக் குடைந்து நீர் எடுக்கும் சுரங்கங்களும் நிறைந்த பகுதி அது. மேலே தெளித்தது கீழே குடிநீரில் இறங்குவதற்கு நெடுந்தொலைவு இல்லை. அப்பகுதி மக்களிடையே கண்ட நோய்களுக்கும் தெளிப்புக்கும் உள்ள தொடர்பு குறித்துப் பல குழுக்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தன. 2011இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. தெளிப்பு நின்ற பின் நீரிலும் மண்ணிலும் எச்சத்தைத் தேடிப் பழைய அளவை ஊகிப்பது கடினம். தெளிக்கும் பருவத்திலும் அதை அடுத்த முதல் மழையிலும் மாதிரி எடுத்துப் பதிவு செய்து வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணி அன்று. அத்தகைய பதிவு இல்லாதபோது, பாதிக்கப்பட்டவர் தம் துன்பத்தைத் தாமே நிரூபிக்க வேண்டிய நிலை உண்டாகிறது.

மாவட்ட அளவில் ஒரு வரவு செலவுக் கணக்கு

இவையெல்லாம் பெரிய ஆய்வுக்கூடங்களின் வேலை என்று மாவட்ட நிர்வாகம் ஒதுங்க வேண்டியதில்லை. தேவையான புள்ளிவிவரங்களில் பெரும்பகுதி வெவ்வேறு அலுவலகங்களில் ஏற்கெனவே உள்ளன. உர விற்பனை 2018 முதல் நாடு முழுவதும் கடைகளில் உள்ள கருவிகளின் வழியே பதிவாகிறது. 2015இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டம் வயல்களின் சத்து நிலையைத் தருகிறது. கால்நடைக் கணக்கும் சாகுபடிப் பரப்பும் விளைச்சல் மதிப்பீடும் வட்ட வாரியாகக் கிடைக்கின்றன. செயற்கைக்கோள் படங்களிலிருந்து நிலப்பயன் வரைபடங்கள் உருவாகின்றன. இவற்றை ஒரே மேசைக்குக் கொண்டு வருவதே முதல் வேலை.

கணக்கின் எல்லை வட்டமோ ஒன்றியமோ அன்று, நீர்ப்பிடிப்பே. நீர் வருவாய் எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. அந்த எல்லைக்குள் உரம், சாணம், மனிதக் கழிவு ஆகியவற்றால் வரும் தழைச்சத்தை வரவிலும், விளைபொருளோடு வெளியேறுவதைச் செலவிலும் எழுதினால் மிஞ்சுவது தெரியும். ஓர் எடுத்துக்காட்டு: எக்டேருக்கு ஆண்டில் 240 கிலோ தழைச்சத்து வந்து, 150 கிலோ பயிரோடு வெளியேறுகிறது எனக் கொண்டால் மிச்சம் 90 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கான 30 கிலோ நிலத்தடி நீரை அடைவதாகவும், ஆண்டில் 300 மில்லிமீட்டர் நீர் கீழிறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். ஓர் எக்டேரில் அந்த நீரின் அளவு 30 லட்சம் லிட்டர். ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம் தழைச்சத்து, அதாவது ஏறத்தாழ 44 மில்லிகிராம் நைட்ரேட். குடிநீரின் எல்லை 45. கற்பிதமான எண்கள்தாம், ஆயினும் வழக்கத்துக்கு மாறான சாகுபடி ஏதுமின்றியே ஒரு வட்டாரத்தின் நிலத்தடி நீர் எல்லையைத் தொட்டுவிடக்கூடும் என்பதை அவை காட்டுகின்றன. எக்டேருக்கு 200 கிலோவுக்கு மேல் உரச்சத்து இடும் பஞ்சாப் போன்ற மாநிலங்களில் இக்கணக்கை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் போட்டுப் பார்ப்பது உடனடித் தேவை.

கணக்குக்குப் பின் களம். மிச்சம் மிகுதியாகத் தெரியும் நீர்ப்பிடிப்புகளில் ஓடையின் முடிவில் நீர்மட்ட அளவுகோல் ஒன்றை நட்டு, பருவத்தின் முதல் வெள்ளம் உட்பட மூன்று நான்கு வெள்ளங்களில், நீர் ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் மாதிரி எடுக்க வேண்டும். காடு சூழ்ந்த, சாகுபடி இல்லாத அண்டை நீர்ப்பிடிப்பு ஒன்றையும் உடன் அளந்தால், இயற்கையாகவே வரும் அளவு எது, மனிதச் செயலால் கூடிய அளவு எது என்பது விளங்கும். ஓர் எக்டேர் கோதுமை நிலம் இவ்வளவு சத்தை இழக்கும் என்று வெளிநாட்டு நூல்கள் தரும் கெழுக்களை அப்படியே எடுத்தாள்வது கூடாது. ஆண்டு முழுதும் மெல்லப் பெய்யும் மழைக்கு அமைந்த எண், நான்கு மாதத்தில் கொட்டும் மழைக்குப் பொருந்தாது. கணக்கும் களமும் ஒத்து வந்த பின்னர், வண்டல் குறியீட்டைப் போலவே, நீர்ப்பிடிப்புகளை முன்னுரிமை வரிசையில் நிறுத்தலாம். பத்தில் ஒன்றிரண்டிலிருந்து பணியைத் தொடங்கினால் போதும்.

செலவை யார் ஏற்பது?

பொருளாதார நோக்கில் பரவல் மாசு ஒரு புறவிளைவு. உரம் இடுபவருக்கு அதன் முழுச் செலவும் தெரிவதில்லை. கிணற்று நீரைக் குடிப்பவர் அதன் ஒரு பகுதியை ஏற்கிறார். மாசு செய்பவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை ஆலைக்குப் பொருந்தும். இரண்டு எக்டேருக்கும் குறைந்த நிலம் உடைய உழவரிடம் அதை அப்படியே கொண்டு செல்வது நியாயமும் ஆகாது, நடைமுறைக்கும் ஒவ்வாது. அவர் தாமாகவே மிகை உரத்தைத் தேர்ந்தவர் அல்லர். 2010இல் மற்ற உரங்களுக்குச் சத்தின் அடிப்படையில் மானியம் வகுத்தபோது யூரியா அதற்குள் வரவில்லை. 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 242 ரூபாயாக நிலைபெற்றிருக்க, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் விலை ஏறின. மலிவானதை மிகுதியாக இடுவது எந்த உழவருக்கும் இயல்பு. 2022-23இல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. அதில் பயிருக்குச் சேராமல் நீரில் கரைந்த பங்கு எவ்வளவு என்று கேட்கும் உரிமை வரி செலுத்துவோருக்கும் உண்டு, தண்ணீர் குடிப்போருக்கும் உண்டு.

2015 முதல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு, மண் வள அட்டை, 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தவாறு கங்கைக் கரையின் 5 கிலோமீட்டர் பட்டையில் இயற்கைச் சாகுபடி என நடவடிக்கைகள் பல எடுக்கப்பட்டுள்ளன. இவற்றின் பயனை மூட்டைகளின் எண்ணிக்கையாலும் எக்டேரின் எண்ணிக்கையாலும் மட்டுமே மதிப்பிடுவது போதாது. அப்பகுதியின் ஓடையிலும் கிணற்றிலும் நைட்ரேட் குறைந்ததா என்பதே இறுதிச் சோதனை. இலை வண்ண அட்டையைப் பார்த்து உரத்தைப் பிரித்து இடும் உழவர் தம் செலவையும் மிச்சப்படுத்துகிறார், அண்டை வீட்டுக் கிணற்றையும் காக்கிறார். இத்தகைய முறைகளுக்கு முன்னுரிமைப் பகுதிகளில் ஊக்கத்தொகை வழங்கினால், அது நீரைத் தூய்மை செய்யும் ஆலைக்கு ஆகும் செலவைக் காட்டிலும் பெரிதாகுமா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது திட்டக்காரர்களின் கடமை.

சுகோமாஜ்ரியின் படிப்பினை இங்கே மீண்டும் பொருந்துகிறது. மூலத்தைக் கண்டுபிடிப்பதன் நோக்கம் வழக்குத் தொடுப்பது அன்று. மேலே நிலத்தைக் காப்பவர் அடையும் இழப்பும், கீழே நீரைப் பெறுபவர் அடையும் நன்மையும் எவ்வளவு என்று கணக்கிட்டு, இருவருக்கும் இடையே ஓர் உடன்பாட்டை உண்டாக்குவதே மதிப்பீட்டின் பயன். அளவு இல்லாத இடத்தில் உடன்பாடு பேச்சளவில் நின்றுவிடும். பழியோ, ஆடு மேய்ப்பவர் மீதும் சிறு உழவர் மீதும் எளிதில் விழும்.

வரும் பருவமழைக்கு முன்னர் ஒவ்வொரு மாவட்டமும் ஒரே ஒரு சிறு நீர்ப்பிடிப்பைத் தேர்ந்து, அதன் வரவு செலவுக் கணக்கை எழுதி, முதல் வெள்ளத்தில் மாதிரி எடுத்து, அங்குள்ள குடிநீர்க் கிணறுகள் அனைத்தையும் சோதித்து, முடிவைக் கிராம சபையின் முன் வைக்கலாம். வேளாண்மை, கால்நடை, நிலத்தடி நீர், சுகாதாரம், ஊரக வளர்ச்சி ஆகிய துறைகளின் அலுவலர்கள் ஒருங்கே அமர்ந்தால் இதற்குப் புதிய சட்டமோ பெருந்தொகையோ தேவையில்லை. கிராம சபையில் கேட்கப்படும் முதல் கேள்வி, எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாம் என்பதாகவே இருக்கும். அக்கேள்விக்கு ஐயமற்ற விடை தரும் ஆற்றல் மாவட்ட நிர்வாகத்துக்கு உண்டாக வேண்டும்.